எல்லாவற்றுக்கும் ஓட்டா?

காவிரிச் செய்தி வரும்போதெல்லாம் எங்கள் தேவராஜ மொஹல்லா டீக்கடையில் ஒரு குரல் எழும்: "கோர்ட்டும் வேண்டாம், கமிட்டியும் வேண்டாம். ஜனங்களே ஓட்டுப் போட்டு முடிவு பண்ணட்டும்." ஊரிலிருந்து போனில் பேசும் என் மச்சானும் இதையேதான் சொல்கிறார். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது.

ஜனங்களைக் கேட்பது மைசூருக்குப் புதிதில்லை. இங்கிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் டவுன் ஹால், திவான் ரங்காச்சார்லு நினைவாகக் கட்டியது. செங்கல்பட்டுப் பக்கம் பிறந்தவர். 1881ல் 144 பேரைக் கூட்டிப் பிரஜா பிரதிநிதி சபையைத் தொடங்கினார். அவர்கள் குறை சொல்லலாம், தீர்மானம் அரண்மனை கையில். 1923ல்தான் அந்தச் சபைக்குச் சட்ட அந்தஸ்தே வந்தது.

அந்தக் காலத்தில் அமெரிக்க மாநிலங்கள் சில மறுகோடிக்கே போய்விட்டன. சட்டசபை ரயில் கம்பெனியின் பிடியில் கிடக்கிறது என்ற கோபத்தில், மக்களே சட்டம் முன்மொழிந்து ஓட்டுப் போடும் உரிமையைக் கலிபோர்னியா 1911ல் கொண்டுவந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் 1920ல் அதே ஓட்டுச்சீட்டு என்ன செய்தது? குடியுரிமை பெற முடியாத ஆசியர்கள் விவசாய நிலம் வைத்திருப்பதற்கு இருந்த தடையை இன்னும் இறுக்கியது. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வெற்றி! முக்கியமாக அடிபட்டவர்கள் ஜப்பானியர்கள். அவர்களுக்கு ஓட்டே கிடையாது.

இலங்கைக் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 1982 டிசம்பர் 22ல் பொதுத்தேர்தலுக்குப் பதிலாக ஒரு வாக்கெடுப்பு. விளக்குக்குப் போட்டால் பழைய பாராளுமன்றமே இன்னும் ஆறு வருஷம், குடத்துக்குப் போட்டால் வேண்டாம். யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது ஓட்டு குடத்துக்கு. நாடு முழுக்க எண்ணியபோது 54 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கி விளக்கு ஜெயித்தது. அவர்கள் ஓட்டு எங்கே போனது?

இப்போது காவிரிக்கு வாருங்கள். மண்டியாவில் ஓட்டு வைத்தால் என்ன முடிவு, தஞ்சாவூரில் வைத்தால் என்ன முடிவு என்று எண்ணிப் பார்க்காமலே சொல்லிவிடலாமே! பிறகு எதற்கு ஓட்டு?

எங்கள் வங்கியில், கடன் கேட்பவரின் மாமனார் கமிட்டியில் இருந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும். லாபம் அடைகிறவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இந்தச் சின்ன விதிகூட இல்லாத வாக்கெடுப்பை ஜனநாயகம் என்றால் எப்படி?

நேரடி ஓட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2013ல் ஒடிசாவின் நியம்கிரியில் பாக்சைட் சுரங்கம் பற்றி, உச்ச நீதிமன்றம் சொன்னபடி கிராம சபைகளைக் கேட்டார்கள். பன்னிரண்டு சபைகளும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. அங்கே கேட்கப்பட்டவர்கள் அந்த மலையில் வாழ்கிறவர்கள். இழக்கப் போகிறவனைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வெளியூரில் பிள்ளைகுட்டியோடு வாழும் நாம் எங்கே போனாலும் எண்ணிக்கையில் குறைவுதான். 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் இந்த மாநிலத்தில் தமிழர்கள் பட்ட பாட்டை மறந்துவிடவில்லையே? அன்று தெருவில் கூட்டம் பெரிதாகத்தான் இருந்தது. "எல்லாவற்றுக்கும் ஓட்டு" என்று கை தட்டுமுன், நம் வீட்டு வாசலில் நின்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.