அந்த ‘கியூ’ வேறு, இந்த ‘ஓ’ வேறு

மாணவர்களே, தீபாவளி நெருங்கினால் நம் வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும்: “இந்த வருசமாவது பழைய டிவிய மாத்திடலாமா?” பண்டார் தெங்காராவிலிருந்து குடும்பத்தோடு கூலாய்க்கோ ஜொகூர் பாருவுக்கோ கிளம்பி, கடை கடையாக ஏறி இறங்குவோம்.

சென்ற ஆண்டு நான்காம் படிவ மாணவர் ஒருவர் பாடம் முடிந்ததும் என்னிடம் வந்தார். “டீச்சர், அப்பா ஓஎல்இடி டிவி வாங்கிட்டேன்னு சொல்றாரு. பெட்டியில கியூஎல்இடின்னு போட்டிருக்கு. ரெண்டும் ஒன்னுதானே?” அவருடைய அப்பா லாரி ஓட்டுகிறார். டிவியை 24 மாதத் தவணையில் எடுத்திருக்கிறார். ஒன்றில்லை என்று சொல்ல எனக்கே தயக்கமாக இருந்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வட்டாரத்து வீடுகள் பலவற்றுக்கு ஓஎல்இடி தேவையில்லை. நல்ல எல்சிடி போதும். ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். வீட்டில் அறிவியல் படிப்பவர் நீங்கள்தான். ஆகவே கடையில் கேள்வி கேட்க வேண்டியவரும் நீங்கள்தான்.

முதலில் உங்கள் கணக்குப்பொறியை எடுங்கள். ‘போலராய்ட்’ வகைக் கறுப்புக் கண்ணாடி ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி, அதன் வழியே எண்களைப் பார்த்தபடி கணக்குப்பொறியை மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை முழுவதும் கறுத்துவிடும். அந்தத் திரையிலிருந்து வரும் ஒளி ஒரே தளத்தில் அதிர்கிறது. உங்கள் கண்ணாடி அந்தத் தளத்தை மறிக்கும்போது இருட்டாகிறது. எல்சிடி டிவியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. குறுக்கும் நெடுக்குமாக வைத்த இரண்டு ஒளிவடிகட்டிகளுக்கு நடுவில் திரவப் படிகம் இருக்கும். மின்னழுத்தத்திற்கு ஏற்ப அது ஒளியின் தளத்தைத் திருப்பியோ திருப்பாமலோ விடும். எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு ஒளி வெளியே வரும். இந்தப் பொருளை 1888இல் முதலில் கவனித்தவர் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர். டிவி செய்யும் எண்ணம் அவருக்கு எங்கே இருந்திருக்கும்!

திரவப் படிகம் தானாக ஒளிராது. பின்னால் விளக்கு வேண்டும். முன்பு மெல்லிய குழல் விளக்குகளை வைத்தார்கள். பிறகு எல்இடி வந்தது. கடைகளில் ‘எல்இடி டிவி’ என்று விற்பதும் எல்சிடிதான், விளக்கு மட்டுமே மாறியது. ‘கியூஎல்இடி’யும் எல்சிடிதான். நீல எல்இடிக்கு முன்னால் சில நானோமீட்டர் அளவுள்ள படிகத் துகள்களை ஒரு படலமாக வைக்கிறார்கள். ஒரே பொருளாக இருந்தாலும் துகள் சிறியதானால் பச்சையும் சற்றுப் பெரியதானால் சிவப்பும் ஒளிரும். இதனால் வண்ணம் தூய்மையாகிறது. இத்தகைய குவாண்டம் துகள்களுக்காகத்தான் 2023இல் வேதியியல் நோபல் பரிசு மூவருக்குக் கிடைத்தது.

ஓஎல்இடி முற்றிலும் வேறு. 1987இல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், வான் ஸ்லைக் இருவரும் காட்டிய கரிமப் பொருள் அடுக்குகளின் வழிவந்தது அது. பின்விளக்கே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். கறுப்பு வேண்டுமென்றால் புள்ளி அணைந்துவிடும். இரவில் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு டிவியில் முழுக் கறுப்புப் படம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். எல்சிடியில் சாம்பல் நிறத்தில் ஒளி கசியும். ஓஎல்இடியில் டிவி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அந்த அழகை நான் மறுக்கவில்லை. இருட்டறையில் சினிமா பார்ப்பவர்களுக்கு அதற்கு நிகர் வேறில்லை.

நம் வீட்டுக் கூடம் இருட்டறையா? பிற்பகல் வெயில் சன்னல் வழியே திரைமேல் அடிக்கும். காலையில் பாட்டி போட்ட ஆஸ்ட்ரோ வானவில் இரவு வரை ஓடும். அலைவரிசையின் சின்னம் ஒரே மூலையில், ஒரே நிறத்தில், மணிக்கணக்காக நிற்கும். ஓஎல்இடியின் கரிமப் பொருள் எரிய எரியத் தேய்கிறது, அதிலும் நீலம் வேகமாகத் தேயும். ஒரு மூலை மட்டும் அதிகம் உழைத்தால் அங்கே நிரந்தரத் தழும்பு விழக்கூடும். இப்போது வரும் டிவிகளில் படத்தைச் சிறிது நகர்த்தி இதைக் குறைக்கிறார்கள். ஆனாலும் அபாயம் முழுமையாகப் போகவில்லை.

கடையில் இன்னொரு ஆசையும் காட்டுவார்கள்: 8கே. அதற்கு ஒரு கணக்குப் போடுவோம். நம் கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 55 அங்குலத் திரையின் அகலம் சுமார் 122 செ.மீ. அதை 4கேயின் 3,840 புள்ளிகளால் வகுத்தால் ஒரு புள்ளி 0.32 மி.மீ. வரும். 1.1 மீட்டருக்கு அப்பால் அந்தப் புள்ளி கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. 8கே என்றால் அரை மீட்டர்தான். மூக்கு திரையில் உரசுமளவுக்கு நெருங்கி உட்கார்ந்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன்! உங்கள் வீட்டுச் சோபா எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது? போவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள்.

கடைக்குப் போனதும் ரிமோட்டைக் கேட்டு வாங்குங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் டிவிகள் பெரும்பாலும் கண்ணைப் பறிக்கும் ‘விவிட்’ நிலையில் இருக்கும். அதைச் சாதாரண நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நின்றும் பாருங்கள், சில எல்சிடிகளில் நிறம் வெளுத்துவிடும். பின்விளக்கு தனித்தனிப் பகுதிகளாக அணையுமா, எத்தனை பகுதிகள் என்று கேளுங்கள். என்னைக் கேட்டால், ‘கியூ’ என்ற எழுத்தைவிட இந்த எண்ணுக்குத்தான் கூடுதல் பணம் கொடுக்கலாம். சுருஹான்ஜாயா தெனாகாவின் நட்சத்திர ஒட்டியையும் பாருங்கள். நம் நாட்டில் 2019 அக்டோபர் 31க்குப் பின் அனலாக் ஒளிபரப்பு இல்லை. ஆகவே டிவிபி-டி2 வாங்கி உள்ளேயே இருந்தால் மைஃப்ரீவியூவுக்குத் தனிப் பெட்டி வேண்டாம். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றுவது எந்த வகை டிவிக்கும் பொது. நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த மாணவரின் வீட்டுக் கூடம் மேற்கு பார்த்தது. பாட்டியும் பகல் முழுவதும் டிவி முன்னால்தான். அப்பா தெரியாமல் வாங்கிய கியூஎல்இடி அந்தக் கூடத்திற்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. அதைச் சொன்னதும் மாணவரின் முகம் தெளிந்தது. மறுநாள் ரசீதையும் கொண்டுவந்து காட்டினார். அதில் ‘எல்இடி டிவி 55’ என்று மட்டும்தான் எழுதியிருந்தது. தவணை இன்னும் எட்டு மாதம் பாக்கி இருக்கிறதாம்.