கூலிக்குக் கொடை என்று பெயரா?

2022 ஜூலையில் ரபாத் நகரில் மொராக்கோவை 2–1 என வென்று, ஆப்பிரிக்க மகளிர் கால்பந்துக் கோப்பையைத் தென்னாப்பிரிக்காவுக்கு முதன்முறையாகப் பெற்றுத் தந்தது ‘பன்யானா பன்யானா’ அணி. ஓராண்டு நிறைவதற்குள் அதே வீராங்கனைகள் ஆட மறுத்தனர். உலகக் கோப்பையின் வாசலில் நின்று பணம் பேசலாமா என்று கேட்போர், நடந்ததை முதலில் அறியட்டும்.

2023 ஜூலை 2 அன்று போட்ஸ்வானாவுடன் வழியனுப்பு ஆட்டம். 2010 உலகக் கோப்பைக்காகப் பிரம்மாண்ட அரங்குகளை எழுப்பிய நாடு, இவர்களுக்கு ஒதுக்கியதோ த்சகானேயின் கரடுமுரடான திடல். காலொடிந்தால் உலகக் கோப்பை எங்கே? ஒவ்வொரு வீராங்கனைக்கும் ஃபிஃபா அறிவித்திருந்த 30,000 டாலரை ஒப்பந்தத்தில் எழுதித் தரும்படியும் கேட்டனர். கால்பந்துக் கூட்டமைப்பு எழுதித் தரவில்லை. அவசரமாக மாற்று அணியொன்றைத் திரட்டிக் களமிறக்கியது. அதில் 13 வயதுச் சிறுமியும் இருந்தாள். முடிவு 0–5. வேலைநிறுத்தத்தை முறிக்க ஆள் தேடும் ஆலை முதலாளியின் அதே பழைய உத்தி! பழி அச்சிறுமிக்கு அன்று, அவளை அனுப்பியவர்களுக்கே.

பின்னர் மொட்செபே அறக்கட்டளை 60 லட்சம் ராண்ட் வழங்கியது, சிக்கல் தீர்ந்தது. பாட்ரிஸ் மொட்செபே சுரங்கப் பெருமுதலாளி; ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர்; குடியரசுத் தலைவர் ரமபோசாவின் மைத்துனர். வீராங்கனைகள் அத்தொகையைப் பெற்றதில் தவறில்லை. போராடியிராவிட்டால் அதுவும் வந்திராது. ஆனால் ஊதியமாக வரவேண்டியது ஈகையாக வந்ததே, அதுதான் நம் கேள்வி. கொடுப்பவர் மனம் மாறினால் கொடை நின்றுவிடும். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எவர் மனமும் மாற்றிவிட முடியாது. வள்ளலைப் புகழும் ஆரவாரத்தில், நிர்வாகத்தின் பொறுப்பு ஓசையின்றி மறைந்துபோகிறது.

ஆகஸ்ட் 2 அன்று வெலிங்டனில், தொண்ணூறு நிமிடங்கள் கடந்தபின் தெம்பி கட்லானா அடித்த கோலால் இத்தாலி 3–2 என வீழ்ந்தது. உலகக் கோப்பையில் அவ்வணியின் முதல் வெற்றி. அடுத்த சுற்றிலும் அடியெடுத்து வைத்தனர். கூலி கேட்டால் ஆட்டம் கெடும் என்ற வாதம் அன்றே தகர்ந்தது. அவர்கள் தோற்றிருந்தாலும் கோரிக்கை நியாயமானதே. ஊதியம் வெற்றிக்குத் தரும் பரிசன்று, உழைப்பின் விலை.

2022இல் ஆடவர் உலகக் கோப்பைக்கு ஃபிஃபா ஒதுக்கிய பரிசுத் தொகை 44 கோடி டாலர். மறு ஆண்டு மகளிருக்கு 11 கோடி. பந்தும் ஒன்று, களமும் ஒன்று, விலை மட்டும் நான்கில் ஒரு பங்கு. ‘பன்யானா’ என்றால் சிறுமியர் என்று பொருள். சிறுமியருக்குப் பரிசளித்து அனுப்பிவிடலாம் என்றே நிர்வாகங்கள் எண்ணுகின்றன. தோழர்களே, அவர்கள் தொழிலாளர்கள். ஒன்றுபட்டு நின்றார்கள், பெற்றார்கள். எழுத்தில் பெறவேண்டியது இன்னும் உண்டு.