ஆறு கோடிப் புள்ளியும் ஏட்டில் இல்லாத புள்ளியும்

கல்லூரி ஒன்று யூபிலி கொண்டாடுங்கால், அதன் பழைய மாணவர் தம் நன்றியை நிலையானதொரு பொருளிற் பொறித்துவைக்க விழைதல் இயல்பு. தோரணவாயிலும் மணிக்கூண்டும் பெயர்க்கல்லும் அவ்வாறு எழுந்தவையே. இக்காலத்திலே கடல்கடந்து வாழும் அன்பர்களின் உள்ளத்தில் வேறோர் எண்ணமும் எழக்கூடும். உயர்தரமான இலத்திரனியற் கமெரா ஒன்றை வாங்கி, மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும் வீடுகளிலும் கோயில்களிலும் எஞ்சிக்கிடக்கும் ஏட்டுச்சுவடிகளைப் படம்பிடித்துக் காத்தல் தகுமன்றோ என்பதே அது. எண்ணம் மிக நல்லது. ஆயினும் அதனை எம்முறையிற் செய்தல் வேண்டும், பணத்தை எதற்கு முதலிற் செலவிடல் வேண்டும் என்பவற்றை ஆராய்ந்தே கையிடல் வேண்டும். அவ்வாராய்ச்சியே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் கருவியின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். ஒளியை மின்னாக மாற்றிப் படமாக்கும் சிலிக்கன் சில்லினை 1969ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே வில்லார்ட் பொயில், ஜோர்ஜ் சிமித் என்னும் இருவர் வகுத்தனர். அதற்காக அவர்க்கு 2009இல் நோபெல் பரிசு கிடைத்தது. 1975இல் கொடாக் நிறுவனத்துப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் சமைத்த முதற் கமெரா, நெடுக்கே நூறும் குறுக்கே நூறுமாகப் பதினாயிரம் புள்ளிகளையே உடையது. ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிய அதற்கு 23 வினாடி சென்றது.

அன்று பதினாயிரமாயிருந்த புள்ளித்தொகை இன்று கோடிக்கணக்கிலே நிற்கின்றது. 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமும் உடைய பழைய படச்சுருட் கட்டத்தின் அளவிற்கு ஒத்த உணரியையே 'முழுச்சட்ட உணரி' என வழங்குவர். இவ்வளவு 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா கமெராவினாற் பெயர்பெற்றது. இவ்வளவுடைய உணரியோடு 2002இல் வந்த கனன் கமெரா ஒரு கோடியே பத்து இலட்சம் புள்ளிகளைக் கொண்டிருந்தது. 2012இல் நிக்கொன் 3 கோடியே 60 இலட்சத்தையும், 2015இல் கனன் 5 கோடியையும், 2019இல் சோனி 6 கோடியே 10 இலட்சத்தையும் எட்டின. 2025 சனவரியிலே கனன் நிறுவனம் அதே அளவான சில்லில் 41 கோடிப் புள்ளிகளை அமைத்துள்ளதாக அறிவித்தது. அது காவற்கண்காணிப்பு, மருத்துவம், கைத்தொழில் முதலிய துறைகளை நோக்கிச் செய்யப்பட்டதாகும்.

புள்ளித்தொகை பெருகியமை மட்டுமே முன்னேற்றம் என எண்ணற்க. முன்னைய உணரிகளிலே மின்கம்பி வலை ஒளிபடும் பக்கத்தில் இருந்து, முற்றத்தை மறைக்கும் மரக்கிளைபோல வெளிச்சத்தை ஓரளவு தடுத்தது. அவ்வலையைச் சில்லின் பின்புறத்துக்கு மாற்றும் முறையை 2015இல் சோனி முழுச்சட்ட உணரிக்குக் கொண்டுவந்தது. இன்னுமொன்று: ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றனுள் ஒரு நிறத்தையே காணும், ஏனைய இரண்டையும் அயற்புள்ளிகளைக் கொண்டு கருவி ஊகித்துக்கொள்ளும். இவ்வொழுங்கினைக் கொடாக்கைச் சேர்ந்த பிரைசு பேயர் வகுத்து 1976இல் காப்புரிமை பெற்றார். இப்பொழுதோ உணரியையே ஒவ்வொரு புள்ளியளவு நகர்த்தி நான்கு படம் எடுத்து, ஊகத்துக்கு இடமின்றி ஒவ்வொரு புள்ளிக்கும் முழுநிறம் பெறும் வசதி உண்டு. ஓடும் பிள்ளையைப் படமெடுக்க இது உதவாது. அசையாது கிடக்கும் ஏட்டுக்கோ மிகப் பொருத்தமானது.

கைத்தொலைபேசியிலும் இருபது கோடிப் புள்ளி உண்டே, அது போதாதோ என மாணவர் வினவலாம். 2023இல் சம்சுங் நிறுவனம் வெளியிட்ட உயர்தரத் தொலைபேசியில் அத்தொகை உண்டென்பது மெய்யே. ஆயின் அதன் உணரி, முழுச்சட்ட உணரியின் பரப்பில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கினதே. மழை பெய்யும்போது முற்றத்தில் அகன்ற அண்டா ஒன்றையும் சிரட்டைகள் பலவற்றையும் வைத்தால், ஒவ்வொரு சிரட்டையும் ஏந்தும் நீர் எவ்வளவு? தொலைபேசியின் ஒரு புள்ளியைக் காட்டிலும் 6 கோடிப் புள்ளிக் கமெராவின் ஒரு புள்ளி நாற்பது மடங்கு வரை பரந்தது. அத்துணை மடங்கு ஒளியை ஏந்த வல்லது. எனவே எண்ணைக் கண்டு மயங்குதல் கூடாது.

இனி ஏட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நாற்பது சென்ரிமீற்றர் நீளமான ஓலை ஒன்றைக் கொள்க. 6 கோடிப் புள்ளிக் கமெராவில் நெடுக்கே சுமார் 9,500 புள்ளிகள் உள. அவ்வோலை முழுவதையும் ஒரே படத்தில் அடக்கினால் மில்லிமீற்றர் ஒன்றுக்கு 23 புள்ளிகளுக்குமேற் கிடைக்கும். அதாவது அங்குலத்துக்கு 600. சாதாரணமான இரண்டு கோடியே நாற்பது இலட்சம் புள்ளிக் கமெராவிலோ நெடுக்கே 6,000 புள்ளிகள்; மில்லிமீற்றருக்குப் பதினைந்து, அங்குலத்துக்கு 380. எழுத்தாணிக் கீறல் கால் மில்லிமீற்றர் அகலமுடையது எனக் கொள்வோமாயின், முன்னதில் அதன் குறுக்கே ஆறு புள்ளியும் பின்னதில் ஏறக்குறைய நான்கு புள்ளியும் விழும். ஏட்டை வாசிப்பதற்கு இரண்டுமே போதும். ஆகவே புத்தம்புதிய கருவி வரும்வரை காத்திருத்தல் வேண்டா. செல்லும் ஈரமும் அடுத்த கமெரா வரும்வரை காத்திருப்பதில்லை.

மேலும், ஏட்டெழுத்து மையால் எழுதப்பட்டதன்று, கீறப்பட்டது. கீறலிற் பூசிய கரி நாளடைவிற் கழன்றுபோன ஏட்டிலே, நேர்மேலிருந்து விழும் வெளிச்சத்தில் எத்துணைக் கோடிப் புள்ளி இருப்பினும் எழுத்துத் தோன்றாது. விளக்கைப் பக்கவாட்டிலே தாழ வைத்தால், ஒவ்வொரு கீறலும் தன் நிழலாலே தன்னைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு நல்ல விளக்கு, கமெராவைக் கீழ்நோக்கி அசையாது பிடிக்கும் தாங்கி ஒன்று, அண்மைப்படத்துக்குரிய வில்லை ஒன்று என்னும் இவற்றின் பயன் பெரிது; செலவோ கமெராவின் விலையோடு ஒப்பிடச் சிறிது.

கமெராவோ நம் நாட்டில் அரும்பொருளும் அன்று. கலியாணவீட்டிலும் பூப்புனித நீராட்டு விழாவிலும் படமெடுக்கும் இளைஞர் பலர் கையிலே முழுச்சட்டக் கமெரா உண்டு. மங்கல நாளல்லாத நாள்களில் அவை பெரும்பாலும் பையினுள் உறங்குகின்றன. அவ்விளைஞருட் சிலரேனும் நம் கல்லூரியிற் பயின்றவராயிருத்தல் கூடும். கேட்டால் மறுப்பார்களா? கமெராவை இரவலாகப் பெறலாம். இரவலாகப் பெறமுடியாத பொருள் ஒன்று உண்டு. அதுவே ஏடு வாசிக்கும் அறிவு.

இவ்விடத்திலேதான் தமிழாசிரியன் தன் துறை பற்றிப் பேசவேண்டியவனாகின்றான். பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என அஞ்சினர் என்பர். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. செய்யுளாயினும் அடிபிரித்து எழுதுவதில்லை. கொம்பு, பகரம், கால், னகரம் என நான்கு வடிவங்கள் வரிசையாக நின்றால், அதனைப் 'பொன்' எனவும் வாசிக்கலாம். 'போன' எனவும் வாசிக்கலாம். 'பேரன்' எனவும் வாசிக்கலாம். பொன்னா பேரனா என்பதைத் தீர்ப்பது யாப்பும் பொருளும் இடமும் அறிந்த உள்ளமேயன்றிக் கருவியன்று. ஆறு கோடிப் புள்ளியை உடைய கமெரா, ஏட்டில் இல்லாத அந்த ஒரு புள்ளியை இடமாட்டாது.

கணனியே எழுத்தை வாசிக்கப் பழகிவருகின்றதே என்பார் உளர். உண்மை. ஆயினும் அதற்கு முதலில் வாசித்துக்காட்டுவோர் மனிதரன்றோ? பிழையாக வாசித்துக் கொடுத்தால், அப்பிழையையே அது பல்லாயிரம் முறை விரைவாகச் செய்யும்.

நம் பகுதி இவ்வறிவிற்கு வறியதாக இருந்ததன்று. எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் ஏடுகளை ஆராய்ந்து 'மட்டக்களப்பு மான்மியம்' நூலை 1962இல் பதிப்பித்தார். மண்டூர் பெற்றெடுத்த பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதினார். 1968இல் 'கண்ணகி வழக்குரை'யைப் பதிப்பித்தார். வைகாசித் திங்களிலே கண்ணகையம்மன் கோயில்களிற் பாடப்படும் அந்நூல், ஏட்டில் மட்டும் தங்கியிருப்பின் இன்று நம் மாணவர் கைக்கு எட்டுமா? அப்பெரியார்களிடம் உணரியும் இல்லை, சில்லும் இல்லை. வாசிக்கத் தெரிந்த கண்ணும் ஊரூராக நடக்கும் காலும் இருந்தன. நம்மிடமோ கருவி பெருகிவிட்டது. வாசிப்போர் தொகை ஒற்றை விரலில் எண்ணத்தக்கதாய்ச் சுருங்கி வருகின்றது. வாசிப்போர் அற்றபின் எடுத்த படம், பூட்டுத் திறவாத பெட்டகத்தை ஒக்கும்.

இழப்பின் வேகத்தையும் மறத்தலாகாது. 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியும், 2004 திசெம்பர் 26ஆந் திகதிக் கடற்கோளும், நெடுநாட் போரும் இடப்பெயர்வும் இம்மாவட்டத்து வீடுகளைப் பாழ்படுத்தின. வீடு பாழாயின் அதன் பரணில் இருந்த சுவடி தப்புமா? யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரியூட்டப்பட்டபோது மறுபடி இல்லாத ஏடுகளும் உடன் எரிந்தன. ஓரிடத்தில் ஒன்றே உள்ள பொருள் எந்நாளும் ஆபத்தில் உள்ள பொருளே. இதனை உணர்ந்தே பிரித்தானிய நூலகம் 2004இல் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டத்தைத் தொடக்கியது; நம்மவர் 2005இல் 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தைத் தொடக்கினர். புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடித் தொகுதியும் அவ்வாண்டிலேயே யுனெசுக்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. நாம் புதுவழி வெட்டவேண்டியதில்லை. வெட்டிய வழியில் நடந்தாற் போதும்.

நடக்குங்கால் இரண்டு எச்சரிக்கை வேண்டும். முதலாவது, உரிமை பற்றியது. மண்டூர்க் கந்தசுவாமி கோயிலிலே மூலத்தானம் திரையால் மறைக்கப்பட்டே இருக்கின்றது. சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் அத்தலத்திலே அடியார் திரையின்முன் நின்றே வழிபடுகின்றனர். காணும் ஆற்றல் வேறு, காணும் உரிமை வேறு என்பதை எம்மூரார்க்குப் பிறர் சொல்லவேண்டியதில்லை. வைத்திய ஏடும் மந்திர ஏடும் குடும்ப வழியாகப் போற்றப்படுவன. கோயில் ஏடு கோயிலுக்கு உரியது. ஆதலால் ஏடு நம்மிடம் வருதல் வேண்டா. கமெரா ஏட்டிடம் செல்லுதல் வேண்டும். எடுத்த படத்தின் பிரதி முதலில் உடையவர் கைக்கே சேர்தல் வேண்டும். எதனை உலகறிய வெளியிடலாம், எதனை வெளியிடலாகாது என்பதை அவரே எழுத்தில் அறிவித்தல் வேண்டும். இவ்வொழுக்கம் தவறினால், படுவான்கரையில் ஒரு வீட்டுக் கதவு அடைபட, எழுவான்கரையில் நூறு கதவும் உடன் அடைபடும்.

இரண்டாவது, பேணுதல் பற்றியது. 6 கோடிப் புள்ளிப் படம் ஒன்று, சுருக்காத மூலவடிவில் ஏறத்தாழ 120 மெகாபைற்று இடங்கொள்ளும். நூறு ஓலையுடைய சுவடிக்கு இருபக்கமும் சேர்த்து இருநூறு படம். மொத்தம் 24 கிகாபைற்று. இதனை ஒரே தட்டில் வைத்துப் பூட்டிவிட்டு அறம் முடிந்தது என எண்ணலாகாது. நன்றாகப் பேணிய ஓலை இரண்டு மூன்று நூற்றாண்டு நிற்கும். கணனித் தட்டோ சில ஆண்டிலேயே பழுதுபடக்கூடும். நம் முன்னோர் ஏடு நைந்தபோது புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினர். அவ்வாறு தலைமுறைதோறும் பெயர்த்தெழுதியமையாலேயே சங்கநூலும் நமக்கு எஞ்சின. அவ்வேலை இன்றும் ஒழிந்துவிடவில்லை. தட்டிலிருந்து தட்டுக்குப் பெயர்த்து, மூன்று பிரதி செய்து, வெவ்வேறு ஊர்களில் வைத்தல் வேண்டும். அதனைத் தவறாது செய்தற்குக் கல்லூரி போன்ற நெடுநாள் நிறுவனமே தக்கது. தனிமனிதர் மறைவர், கல்லூரி ஆண்டுதோறும் புதிய கைகளைப் பெறுகின்றது.

ஆகவே என் துணிபு இதுவாகும். யூபிலி நிதியில் ஒரு பகுதி இப்பணிக்கு ஒதுக்கப்படுமாயின், அதனை விலையுயர்ந்த கமெராவில் முடக்கற்க. முதலில், மேல்வகுப்பு மாணவர்க்கு வாரம் ஒரு நாள் ஏடு வாசிக்கும் வகுப்பு ஒன்றைத் தொடக்குக. ஏடு வாசிக்கவல்ல முதியோர் நம்மிடையே உள்ளபோதே அவரைத் தக்க மதிப்போடு அழைத்து, அம்மாணவர்முன் அமர்த்துக. அடுத்து விளக்கும் தாங்கியும் சேமிப்புத் தட்டும் வாங்குக. கமெராவை இரவல் பெறுக. பணி வளர்ந்து, இரவல் போதாதென்னும் நிலை வந்தபின் வாங்குக. அப்போது 41 கோடிப் புள்ளிக் கருவி கடைக்கே வந்திருப்பினும் வந்திருக்கலாம்.

ஓர் ஆண்டில் பத்துச் சுவடி படமாயின் அது மகிழத்தக்கதே. ஆயின் அவ்வாண்டிலே ஒரு மாணவனோ மாணவியோ ஓலையை எடுத்து, தயங்கித் தயங்கியேனும் ஒரு செய்யுளைப் புள்ளியிட்டு வாசித்துவிடின், நம் கல்லூரி கொண்டாடிய யூபிலி பொருளுடையதாகும். பழைய மாணவரும் ஆசிரியரும் பெற்றோரும் இதனைச் சீர்தூக்கி ஆவன செய்வாராக.