தனித்தொகுதிக்கு வெளியே நமக்கு இடமில்லையா?

2024 நாடாளுமன்றத் தேர்தலில் 303 இடங்களிலிருந்து பாஜக 240-க்கு இறங்கியது. காங்கிரஸ் 52-லிருந்து 99-க்கு ஏறியது. சமாஜ்வாதி 37 இடங்களைப் பிடித்தது. இந்தக் கணக்கைத் தொலைக்காட்சிகள் வேண்டிய அளவு போட்டுவிட்டன. நாம் போட வேண்டிய கணக்கு வேறு, தோழர்களே.

"இந்த முறை 400-க்கு மேல்" என்று பாஜக முழங்கியபோது, அந்த 400 எதற்கு என்று நம் மக்கள் கேட்டார்கள். அரசியலமைப்பை மாற்றத்தான் என்று அந்தக் கட்சியின் அனந்த்குமார் ஹெக்டே வெளிப்படையாகவே சொன்னார். ஃபைசாபாத் எம்.பி. லல்லு சிங்கும் அதே பாணியில் பேசினார். அது சேரிகளின் காதில் சரியாகவே விழுந்தது. உத்தரப் பிரதேசத்தின் 17 தனித்தொகுதிகளில் 2019-இல் 14-ஐ வென்ற பாஜக, இம்முறை 8-உடன் நின்றது.

ஆக, நம் வாக்கு ஆட்சியின் பெரும்பான்மையையே அசைத்தது. ஆனால் நம் அரசியல் எங்கே நிற்கிறது? 2019-இல் சமாஜ்வாதியோடு கூட்டணி வைத்து 10 இடங்களை வென்ற பகுஜன் சமாஜ் கட்சி, இம்முறை தனித்து நின்று ஓர் இடம்கூடப் பெறவில்லை. நகினாவில் ஆசாத் சமாஜ் கட்சியின் சந்திரசேகர் ஆசாத் கூட்டணி இல்லாமலே ஒன்றரை லட்சம் வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். நம்பிக்கை தருகிற வெற்றிதான். ஆனாலும் அது ஒற்றை இடம். அதுவும் தனித்தொகுதி.

நாடு முழுவதும் பட்டியல் சாதியினருக்கு 84 தனித்தொகுதிகள் உள்ளன. பிறகென்ன குறை என்று கேட்பவர்கள் 1932-ஐப் படிக்க வேண்டும். பூனா ஒப்பந்தத்தில் இடங்களின் எண்ணிக்கை கூடியது. நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கும் இரட்டை வாக்குரிமை போனது. இன்று தனித்தொகுதியில் நிற்பவர் தலித். அவருக்கு வாக்களிப்பவர்களில் பெரும்பான்மையோர் தலித் அல்லாதவர்கள். அவருக்குச் சீட்டுக் கொடுப்பது கட்சித் தலைமை. யாரைப் பகைத்துக்கொள்ள முடியும் அவரால்? இப்படி உருவாகும் தலைமையைத்தான் கன்ஷிராம் 1982-இல் எழுதிய நூலில் 'சம்சா' என்றார்.

இந்த வேலிக்கு வெளியே நடந்த ஒன்றைத்தான் இந்தத் தேர்தலின் பெரிய செய்தியாக நான் பார்க்கிறேன். அயோத்தி அடங்கிய ஃபைசாபாத் பொதுத்தொகுதி. அங்கே பாசி சமூகத்தைச் சேர்ந்த அவதேஷ் பிரசாத்தை சமாஜ்வாதி நிறுத்தியது. அதே லல்லு சிங்கை அவர் 54,567 வாக்குகள் வித்தியாசத்தில் வீழ்த்தினார். மீரட் பொதுத்தொகுதியிலும் அந்தக் கட்சி ஒரு தலித் பெண்ணை நிறுத்தியது. சுமார் பத்தாயிரம் வாக்குகளில் தோல்வி. தோற்றாலும் அது முயற்சி.

இப்போது தமிழ்நாட்டுக்கு வருவோம். பெரியார் மண் என்று பெருமை பேசும் இங்கே, விடுதலைச் சிறுத்தைகள் கட்சி ஒரு பொதுத்தொகுதியும் கேட்டது. கிடைத்தவை சிதம்பரம், விழுப்புரம் என்ற இரண்டு தனித்தொகுதிகள். இரண்டையும் பானைச் சின்னத்தில் வென்றது. சிதம்பரத்தில் 2019-இல் வெறும் 3,219 வாக்குகளாக இருந்த வித்தியாசம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. கூட்டணி 39-ஐயும் அள்ளியது. அந்த அலையில்கூட ஒரு பொதுத்தொகுதியைத் தர மனம் வரவில்லை.

"பொதுத்தொகுதியில் தலித்தை நிறுத்தினால் மற்றவர்கள் வாக்களிக்க மாட்டார்கள்" என்பார்கள். தமிழ்நாட்டின் 32 பொதுத்தொகுதிகளிலும் நாம் காலங்காலமாக மற்ற சாதி வேட்பாளர்களுக்கு வாக்களிக்கிறோமே, அப்போது யாராவது நம்மிடம் இந்தச் சந்தேகத்தைக் கேட்டார்களா? நம் வாக்கு மட்டும் எல்லாருக்கும் போகும். எல்லாருடைய வாக்கும் நமக்கு வராது என்றால், அதைக் கூட்டணி தர்மம் என்று எப்படிச் சொல்வது?

"முதலில் பாஜகவைத் தோற்கடிப்போம், மற்றதெல்லாம் பிறகு" என்றும் சொல்வார்கள். தோற்கடிக்கத்தான் வேண்டும். ஆனால் பாஜக மிகவும் பெருமையாகக் காட்டிய தொகுதியில் அதைத் தோற்கடித்ததே ஒரு தலித் பொதுத்தொகுதி வேட்பாளர்தான். இரண்டும் ஒரே வேலை என்று அயோத்தி காட்டிவிட்டது.

தனித்து நின்றால் என்ன ஆகும் என்பதை பகுஜன் சமாஜின் பூஜ்ஜியம் சொல்கிறது. அதனால் கூட்டணியை உடையுங்கள் என்று நான் சொல்லவில்லை. கூட்டணிக்குள் பேரத்தின் அளவை மாற்றுங்கள் என்கிறேன். மாணவத் தோழர்களே, உங்கள் மாவட்டத்தில் எந்தெந்தக் கட்சியில் தலித் மாவட்டச் செயலாளர் இருக்கிறார், பொதுத்தொகுதியில் யார் யாரை நிறுத்தினார்கள் என்று பட்டியல் எடுங்கள். வாக்குக் கேட்டு வருபவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் அந்தப் பட்டியலை முன்னால் வைத்துப் பேசுங்கள். சீட்டுப் பங்கீடு முடிந்த பிறகு பேசிப் பயனில்லை. அதற்கு முன்பே கேட்க வேண்டும்.

ஜெய்பீம்!