மீசை அரும்பும் மகனும் மௌனம் காக்கும் தந்தையும்

மகள் பருவமெய்தினால் தாய் அவளை அருகிலமர்த்தி, அறிய வேண்டியவற்றைக் கூறுகிறாள். மகனுக்கு அவ்வாறு கூறுவார் யார்? தந்தை கூசுகிறார், தாய் தயங்குகிறாள், ஆசிரியரோ அப்பாடத்தை விரைந்து கடந்துவிடுகிறார். முடிவில் அவனுக்கு ஆசானாய் அமைவன சுவரொட்டியும் கைப்பேசியுமே. ஆகவே பதினாறு, பதினேழு வயது மகனின் உடல் வளர்ச்சி பற்றி இம்மாதம் பெற்றோருடன் சிந்திப்போம்.

ஆண் மக்களிடம் பருவ மாற்றம் 9 முதல் 14 வயதிற்குள் தொடங்குவது இயல்பு. உயரம் மிக விரைந்து கூடுவது பெரும்பாலும் 13, 14 வயதில். அப்போது ஓராண்டில் 9 செ.மீ. அளவுகூட வளரக்கூடும். முதலில் கைகால்கள் நீளும்; பின்னரே தோளும் மார்பும் அகலும். குரல் உடையும், மீசை அரும்பும், தாடி நிறைவதற்கு இருபது வயதும் கடக்கலாம். நீண்ட எலும்புகளின் முனைகளில் உள்ள குருத்தெலும்புத் தட்டுகள் மூடிக்கொண்டதும் உயர வளர்ச்சி நின்றுவிடும். பலருக்கு இது 16 முதல் 18 வயதிற்குள் நிகழும். பிந்தித் தொடங்கியவர் பிந்தியும் வளர்வர்.

எனவே ஒரே வகுப்பில் ஒருவன் இளைஞனாகவும் மற்றவன் சிறுவனாகவும் தோன்றுவதில் வியப்பில்லை. "பக்கத்து வீட்டுப் பையனைப் பார்" என்னும் ஒரு சொல் அவனை எவ்வளவு வாட்டும் என்பதை நாம் எண்ணுவதில்லை. பிந்திய வளர்ச்சி பல குடும்பங்களில் வழிவழியாக வருவது. தந்தையும் அவ்வாறு வளர்ந்தவராயின், அதை மகனிடம் சொல்வதே அவனுக்குப் பேராறுதல்.

வேறு சில அச்சங்களும் உண்டு. ஏறத்தாழப் பாதிச் சிறுவர்க்கு முலைக்காம்பின் அடியில் சிறு வீக்கம் தோன்றி, ஓரிரு ஆண்டுகளில் தானே மறையும். அதற்கு நாணியே சிலர் பிறர்முன் சட்டையைக் கழற்றுவதில்லை. உறக்கத்தில் தானே விந்து வெளிப்படுவதும் இயல்பே. அது நோயன்று, மனம் இசையாது நிகழ்வதாதலின் பாவமுமன்று. இதனையறியாத இளைஞனையே "நரம்புத் தளர்ச்சி" என்று அச்சுறுத்திப் போலி வைத்தியர்கள் பணம் பறிக்கின்றனர். உயரத்தைக் கூட்டுவதாகக் கூறி மருந்தை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டமே விலக்கியுள்ளது. ஆயினும் அத்தகைய மாத்திரைகளுக்கும் மாவுகளுக்கும் இன்றும் குறைவில்லை. உடற்பயிற்சிக் கூடங்களில் சிலர் தரும் ஸ்டீராய்டு ஊசியோ, எலும்புத் தட்டுகளை முன்கூட்டியே மூடச்செய்து வளர்ச்சியைக் குறைத்துவிடக்கூடும்.

பதினான்கு வயது நிறைந்தும் பருவ அடையாளம் எதுவும் தோன்றவில்லையெனில் மருத்துவரை நாடுதல் வேண்டும். இன்னொன்றையும் மகன் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். விதைப்பையில் திடீரெனக் கடும் வலி தோன்றினால், அது விதை முறுக்கிக்கொண்டதன் விளைவாக இருக்கலாம். ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்குள் மருத்துவமனையில் சரிசெய்யாவிடில் அவ்வுறுப்பையே இழக்க நேரிடலாம். வெட்கத்தால் விடியும்வரை வலியை மறைத்துப் படுத்திருக்கும் மகன் எதை இழக்கிறான் என்பதை எண்ணிப் பாருங்கள்!

தந்தையரே, நீண்ட உரை தேவையில்லை. உடன் நடந்து செல்கையில், "உனக்கு எந்த ஐயமிருந்தாலும் என்னிடம் கேள், நான் கோபிக்கமாட்டேன்" என்று சொல்லி வையுங்கள். அவன் அன்றே கேட்கமாட்டான். தேவை நேரும் இரவில் உங்கள் கதவைத் தட்டுவான்.