உருத்திரன் ஏன் தமிழில் உறுமவில்லை?

மெட்டல் இசை கேட்கும் தமிழ் மாணவன் என்றதும் நம்மில் பலருக்கு ஒரு சித்திரம் மனத்தில் தோன்றுகிறது. கறுப்புச் சட்டை, கலைந்த முடி, காதைப் பிளக்கும் சத்தம். அடுத்த நொடியே 'இது நம் பண்பாட்டுக்கு ஒத்து வராது' என்று தீர்ப்பும் வந்துவிடுகிறது. அந்தத் தீர்ப்பை மறுபடியும் விசாரணைக்கு எடுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இதற்கான சாட்சியைத் தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. என் ஊரான பத்து பாகாட்டில் பேருந்து ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் ஜொகூர் பாரு வந்துவிடும். பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். அங்கே 1992-இல் சில இந்திய இளைஞர்கள் கூடித் தொடங்கிய குழுவின் பெயர் ருத்ரா. கதிர் பேஸ் கித்தார் வாசித்தபடியே பாடுகிறார். சிவா டிரம்ஸ் வாசிக்கிறார். 1990-களின் நடுவில் ஒருமுறை கலைந்து மீண்டும் கூடிய இவர்களின் முதல் முழு இசைத்தட்டு 1998-இல் வந்தது. அதன்பின் 2001, 2003, 2005 என்று தொடர்ந்து, 2022-இல் 'எய்ட் மகாவித்யாஸ்' வரை வந்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள்! நம் நாட்டில் எத்தனை தமிழ் இசைக்குழுக்களுக்கு இந்த ஆயுள் கிடைத்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கேட்டிராதவர்களுக்காக அவர்கள் நடையைச் சொல்லிவிடுகிறேன். த்ராஷ் மெட்டலின் வேகமும் டெத் மெட்டலின் கனமும் கலந்தது அது. கித்தார் நரம்புகளை உள்ளங்கை ஓரத்தால் அடக்கிக்கொண்டு வேகமாகத் தட்டும்போது எழும் 'ஜக் ஜக்' என்ற வெட்டு ஓசை, இரண்டு காலாலும் மிதிக்கும் டிரம்ஸ், அடித்தொண்டையிலிருந்து வரும் உறுமல். இவற்றுக்கு நடுவே திடீரென்று சமஸ்கிருத மந்திரம் ஒலிக்கும். இந்த நடைக்கு அவர்கள் வைத்த பெயர் 'வேதிக் மெட்டல்'. உபநிடதங்களும் கீதையும் பேசும் அத்வைதமே அவர்களின் பாடுபொருள். 'பிரம்மவித்யா' என்ற தலைப்பில் 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் மூன்று இசைத்தட்டுகளை ஒரே தொடராகவே செய்திருக்கிறார்கள். குடித்துவிட்டுக் கூத்தடிக்கும் இசை என்று நினைப்பவர்கள் இந்த மூன்றையும் ஒருமுறை கேட்டுவிட்டு வரட்டும்.

2001-இல் வந்த இசைத்தட்டின் பெயர் 'தி ஆர்யன் குரூசேட்'. 'ஆர்ய' என்ற சமஸ்கிருதச் சொல்லுக்கு மேன்மையானவன் என்று பொருள். வேதாந்தம் படித்தவர்கள் அந்தப் பொருளில்தான் அதைக் கையாள்வார்கள். ஆனால் ஐரோப்பியன் காதில் அந்தச் சொல் ஹிட்லரை நினைவூட்டுகிறது. தமிழ்ப்பள்ளியில் படித்து, அப்பாவின் அலமாரியில் பெரியாரையும் அண்ணாவையும் பார்த்து வளர்ந்த என் காதில் அது வேறொரு சண்டையைக் கிளப்புகிறது. குழுவின் பெயரைப் பாருங்கள். ருத்ரனைத் தேவாரம் உருத்திரன் என்று எப்போதோ தமிழாக்கி நம் கையில் தந்துவிட்டது. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் உருத்திரனைப் பாட வந்து, ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலும் பாடுகிறார்கள். தமிழ் எங்கே போனது?

இதற்காக ருத்ராவைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட மூலநூல்கள் சமஸ்கிருதத்தில் இருக்கின்றன. அவர்களின் கேட்பாளர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நான் கேட்பது நம்மைத்தான். இந்த இசைக்குத் தமிழ் ஒத்துவராது என்று யார் முடிவு செய்தது?

ஒத்துவருமா என்று நம் இலக்கியத்தையே கேட்டுப் பார்க்கலாம். தொல்காப்பியர் செய்யுளியலில் இருபது வண்ணங்களைச் சொல்கிறார். அதில் ஒன்று வல்லிசை வண்ணம். க, ச, ட, த, ப, ற என்ற வல்லெழுத்துகள் மோதி மோதி வருவது. மற்றொன்று முடுகு வண்ணம். அடியின் எல்லையைத் தாண்டியும் நிற்காமல் ஓடுவது. த்ராஷ் மெட்டலுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எந்த ஆங்கில இதழிலும் படித்ததில்லை.

பொருளும் நம்மிடம் இல்லாமல் இல்லை. மெட்டல் பாடல்கள் பிணம், பேய், சுடுகாடு என்று பேசுவதாக நம் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். காரைக்கால் அம்மையார் எங்கே நின்று பாடினார்? திருவாலங்காட்டுச் சுடுகாட்டில். தன்னையே பேயாக்கிக்கொண்டு, நரியும் நெருப்பும் சூழ ஆடும் இறைவனைப் பார்த்துப் பாடினார். அந்தச் சுடுகாட்டுக்கு நடுவிலேயே சுரங்களையும் வாத்தியங்களையும் வரிசையாகப் பெயர் சொல்லி அடுக்குகிறார். அவரை நாம் அறுபத்து மூவரில் ஒருவராக வைத்துக் கும்பிடுகிறோம். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் போர் முடிந்த களத்தில் பேய்கள் கூடிப் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்துக் காளிக்குப் படைத்துத் தாமும் உண்கின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டு நூல். எந்த டெத் மெட்டல் குழுவும் இவ்வளவு தூரம் போனதாகத் தெரியவில்லை.

வாத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் கோயில் திருவிழாக்களில் வரும் உறுமி மேளத்தை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். வளைந்த குச்சியைத் தோலின் மேல் அழுத்தித் தேய்க்கும்போது அடிவயிற்றைக் கலக்கும் அந்த முனகல். மெட்டல் கித்தாரின் தாழ்ந்த சுருதி அதே இடத்தைத்தான் தொடுகிறது. உறுமிக்குச் சாமியாடுகிறவர்கள் மெட்டலுக்குத் தலையாட்டுவதைப் பார்த்து அதிர்ச்சி அடைவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கிறது.

இனி மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். மெட்டல் என்றாலே பலருக்கு நினைவுக்கு வரும் நாடு ஸ்வீடன். கோத்தன்பர்க் நகரில் 1996-இல் 'அட் தி கேட்ஸ்' குழு கலைந்தபோது அதிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து 'தி ஹாண்டெட்' என்ற த்ராஷ் குழுவைத் தொடங்கினார்கள். அவர்களின் முதல் இசைத்தட்டும் ருத்ராவைப் போலவே 1998-இல்தான் வந்தது. பாடுவது ஆங்கிலம். ஆனால் கோத்தன்பர்க் குழுக்கள் பலவற்றின் கித்தார் மெட்டுகளில் ஸ்வீடிஷ் நாட்டுப்பாடலின் சாயலைக் கேட்கலாம். மொழியை விட்டாலும் மெட்டில் ஊரை வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது பக்கத்து நாடான பின்லாந்து. அங்கே ஸ்வீடிஷ் பேசுபவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் உள்ள சிறுபான்மையினர். மலேசியாவில் நாம் இருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1997-இல் ஹெல்சிங்கியில் தோன்றிய 'பின்ட்ரோல்' என்ற குழுவின் முதல் பாடகர் அந்தச் சிறுபான்மையைச் சேர்ந்தவர். பூதக் கதைகளுக்கு அந்த மொழியின் ஓசை பொருத்தமாக இருக்கிறது என்று ஸ்வீடிஷ் மொழியிலேயே பாடத் தொடங்கினார்கள். பின்னர் பாடகர்கள் மாறினார்கள், மொழி மாறவில்லை. அதில் ஒரு சொல்கூடப் புரியாத நாடுகளிலும் அவர்களுக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள்.

நம் நாட்டு மலாய் நண்பர்களைப் பாருங்கள். 'சர்ச்' குழு 1981-இல் தொடங்கியது நம் ஜொகூர் பாருவில்தான். 1992-இல் நீண்ட முடி வைத்த ராக் கலைஞர்களுக்கு ஆர்.டி.எம். கதவை அடைத்ததும், சர்ச், விங்ஸ் குழுப் பாடகர்கள் முடி வெட்டிக்கொண்டதும் பழைய கதை. முடியைத்தான் குறை சொன்னார்களே தவிர, ராக் பாட மலாய் மொழி லாயக்கில்லை என்று எவரும் சொல்லவில்லை.

பெற்றோரின் பயத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. 2001-இல் கெடாவில் கிளம்பிய 'பிளாக் மெட்டல்' பீதியில் பள்ளி மாணவர்கள் சோதனைக்கு ஆளானார்கள். 2006-இல் தேசிய ஃபத்வா மன்றம் பிளாக் மெட்டலை முஸ்லிம்களுக்கு ஆகாதது என்று அறிவித்தது. அது மெட்டலின் ஒரு கிளையைப் பற்றிய பேச்சு. நம் வீடுகளில் எல்லாக் கிளைகளும் ஒரே மரமாகிவிட்டன. என் அம்மாவுக்கு இன்றும் கித்தார் சத்தம் கேட்டால் போலீஸ் ஞாபகம்தான் வருகிறது.

நாங்கள் நான்கு பேர் விடுமுறைகளில் பத்து பாகாட்டில் ஒரு ஜாமிங் ஸ்டூடியோவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துத் தமிழில் முயன்று வருகிறோம். சில விஷயங்கள் கைக்கு வந்திருக்கின்றன. உறுமும்போது உயிரெழுத்துகள் கரைந்துவிடும், மெய்தான் நிற்கும். ழகரம் காணாமலே போகும். க்க, ட்ட, ற்ற வரும் இடங்கள் டிரம்ஸோடு கச்சிதமாக விழுகின்றன. பெரிய தொல்லை நம் வினைமுற்றுகள். 'எரிந்துகொண்டிருக்கிறது' என்பதைப் பாடி முடிப்பதற்குள் கித்தார் இரண்டு சுற்று முன்னே போய்விடும். 'எரியும்' என்றால் போதும். இப்படிச் சொல் தேடப் போய்த்தான், தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் நான் மூடி வைத்த பரணியையும் பதிகத்தையும் மறுபடியும் திறந்தேன். தேர்வுக்காகப் படித்தபோது அவற்றின் ஓசை என் காதில் ஏறவே இல்லை.

ஒரு மாணவர் விழாவில் இதைப் பாட விண்ணப்பித்தோம். 'இது தமிழ் நிகழ்ச்சி, இரைச்சல் வேண்டாம்' என்று பதில் வந்தது. அதே மேடையில் அன்றிரவு ஏழு சினிமாப் பாட்டுகளுக்கு நடனம் ஆடினார்கள். அவற்றில் இரண்டின் வரிகள் பாதிக்கு மேல் ஆங்கிலம். எங்கள் பாடலில் ஆங்கிலச் சொல் ஒன்றுகூட இல்லை.

ராப் இசைக்கும் ஒரு காலத்தில் இதே வசை கிடைத்தது. 2006-இல் யோகி பி குழுவினரின் 'வல்லவன்' வந்தது. அடுத்த ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் அவர் குரல் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் ஒலித்தது. இன்று அதை மலேசியத் தமிழரின் பெருமை என்று நம் மேடைகளிலேயே பேசுகிறோம். அவர்கள் தொடங்கியபோது பேசியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

எனவே நம் கழகத்திடம் ஒரு விண்ணப்பம். அடுத்த கலை இரவில் பத்து நிமிடம் கொடுங்கள். வரிகளை முன்கூட்டியே எழுதித் தருகிறோம். செயலவை படித்துப் பார்த்துப் பிழை இருந்தால் திருத்தட்டும். உறுமி வாசிக்க ஊரிலிருந்து ஒரு தம்பி வரச் சம்மதித்திருக்கிறான். ஒலிபெருக்கியின் அளவை மட்டும் எங்கள் கையில் விட்டுவிடுங்கள்.