நாங்கள் கிரிக்கெட் மட்டுமா விளையாடினோம்?

மார்ச் பிறந்தால் யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் காய்ச்சல். யாழ். மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் 1904ஆம் ஆண்டு தொடங்கிய வடக்கின் பெருஞ்சமருக்கு லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பழைய மாணவர்கள் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து இறங்குவார்கள். பாண்ட் வாத்தியம், கொடி, தொப்பி, மூன்று நாள் வெயில். எனக்கும் அது பிடிக்கும். நிழலாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டால் தேநீர் இடைவேளைக்குக்கூட எழும்ப மாட்டேன். மத்திய கல்லூரிப் பிள்ளை வியாஸ்காந்த் 2024இல் ஹைதராபாத் அணிக்காக ஐ.பி.எல். மைதானத்தில் பந்து வீசியபோது எங்கள் ஒழுங்கை முழுவதும் தொலைக்காட்சிக்கு முன்னால்தான் இருந்தது.

ஆகவே கிரிக்கெட்டின்மேல் எனக்குக் கோபம் இல்லை. பாடசாலை மண்டபத்துச் சுவர்களின்மேல்தான் கோபம். நான் 1980களில் வலைப்பந்தாட்டத்தில் சென்ரர் நிலையில் ஆடியவள். பிறகு விளையாட்டுக்குப் பொறுப்பாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். போகிற பாடசாலையில் எல்லாம் முதலில் சுவரைத்தான் பார்ப்பேன். ஒரு பலகையில் அதிபர்களின் பெயர். அடுத்ததில் கிரிக்கெட் தலைவர்களின் பெயர், ஆண்டு வாரியாக, பொன் எழுத்தில். அதற்கடுத்து கட்டடத்துக்குப் பணம் தந்தவர்கள். வாசலில், சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளின் முகம் போட்ட பதாகை. ஓடியவள், எறிந்தவள், பாய்ந்தவன், வலைப்பந்தாட்டத்தில் மாகாணக் கிண்ணம் கொண்டுவந்த எட்டுப் பேர்? கிண்ணம் அதிபர் அறை அலுமாரியில் கறுத்துப்போய் இருக்கும். யார் கொண்டுவந்தார்கள் என்று கேட்டால் அலுவலகத்தில் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்.

பழைய விளையாட்டு வீரர்களைக் கௌரவிக்க வேண்டும் என்று பழைய மாணவர் சங்கங்கள் இப்போது அடிக்கடி தீர்மானம் போடுகின்றன. நல்லது. ஆனால் மேடையில் நடப்பது என்ன? வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருப்பவர், பதவியில் இருப்பவர், அடுத்த கட்டடத்துக்குக் கைகொடுக்கக்கூடியவர் என்று ஒரு பட்டியல். அவர்கள் ஒரு காலத்தில் ஏதோ விளையாடியும் இருப்பார்கள். ஆளுக்கொரு பொன்னாடை, ஒரு நினைவுச்சின்னம், ஒரு படம். பொன்னாடை போர்த்தியவரே அதை மடித்துத் திருப்பி வாங்கி அடுத்தவருக்குப் போர்த்திய விழா ஒன்றையும் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் கோல் சூட்டராக ஆடிய ஒரு பிள்ளை, இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், ஒரு நாள் வீட்டுக்கு வந்தாள். மகளைத் தரம் ஒன்றுக்குத் தான் படித்த பாடசாலையிலேயே சேர்க்க விண்ணப்பம் போடுகிறாள். பழைய மாணவரின் பிள்ளை என்ற பிரிவில், பெற்றோர் படிக்கிற காலத்தில் விளையாட்டில் பெற்ற அடைவுகளுக்கும் புள்ளி உண்டு. அதற்குச் சான்றிதழ் வேண்டும்.

“ரீச்சர், நான் மாகாணம் வரைக்கும் விளையாடினனான் எண்டு ஒரு கடிதம் தருவியளோ? சேட்டிபிக்கற் எல்லாம் இடம்பெயரேக்க போட்டுது.”

“விளையாடினது எனக்குத் தெரியாதே பிள்ளை? ஆனா என்ர கடிதம் செல்லாது. பள்ளிக்கூடத்துப் பதிவு கேப்பினம்.”

பாடசாலைக்குப் போனோம். சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் அந்த ஆண்டுகளே இல்லை. எழுத்துக் குலைந்த ஒரு விளையாட்டு மலர் கிடைத்தது. அதில் அணியின் படம் இருந்தது, கீழே பெயர் இல்லை. படத்தில் மூன்றாவதாகப் பந்தை மடியில் வைத்துக்கொண்டு இருப்பவள் அவள்தான் என்று நான் சொன்னேன். அலுவலர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், புள்ளி கொடுக்கவில்லை. அவரிலும் பிழை சொல்ல முடியாது.

அன்றிலிருந்துதான் இதைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்: கௌரவிப்பு விழா பிறகு, முதலில் பதிவேடு. யார், எந்த ஆண்டு, எந்த விளையாட்டு, எந்த மட்டம், என்ன அளவு. கோட்டம், வலயம், மாகாணம், அகில இலங்கை என்று எங்கே வரை போனார்கள். இதை எழுதிவைக்காத பாடசாலை யாருக்கு எந்தப் பொன்னாடை போர்த்தினாலும், முகம் தெரிந்தவருக்குப் போர்த்தியதாகத்தான் ஆகும்.

எங்கள் பதிவுகள் போனதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1981இல் யாழ். பொது நூலகம் எரிந்தபோது ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் எரிந்தது; உள்ளூர் விளையாட்டுச் செய்திகளைத் தேடிப் பிடிக்கக்கூடிய இடங்கள் இரண்டும் ஒன்றாகப் போயின. 1990இல் வலிகாமம் வடக்குப் பாடசாலைகள் மேசை கதிரையைக்கூட எடுக்காமல் ஓடின. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது, ஒரு பையில் பால்மாவும் இன்னொரு பையில் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும்தான். யார் ஈட்டி எறிதல் சான்றிதழைத் தேடி எடுத்திருப்பார்கள்? இவ்வளவு காரணமும் சரி. ஆனால் போர் முடிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. கட்டடம் திரும்பக் கட்டினோம், நூலகம் திரும்பக் கட்டினோம், துரையப்பா விளையாட்டரங்கைப் புதுப்பித்து 2016இல் திறந்தும் ஆயிற்று. பதிவேடு மட்டும் ஏன் இன்னும் வெறுமையாக இருக்கிறது?

பதிவேட்டில் என்ன எழுத வேண்டும் என்பதற்கு நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ். மத்திய கல்லூரி மைதானத்தில் உயரம் பாய்ந்து பழகியவர். 18 வயது நிறைவதற்கு முன்னரே 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போனார். 1956இல் மெல்போர்ன். 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி. 2.03 என்பதை இன்றைய அளவுகோலால் பார்க்கக்கூடாது. முதுகு கீழாகக் கம்பத்தைத் தாண்டும் பாய்ச்சலை டிக் பொஸ்பரி உலகுக்குக் காட்டியது 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில். எங்கள் மைதானங்களிலோ அதற்குப் பிறகும் நெடுங்காலம் மெத்தை கிடையாது, மணற்குழிதான். மணலில் முதுகால் விழுந்தால் அடுத்த நாள் பாடசாலைக்கு வர முடியாது. ஆகவே காலிலோ கையிலோ இறங்கக்கூடிய பாய்ச்சலைத்தான் பழக முடியும். பதிவேட்டில் உயரத்தோடு இதையும் ஒரு வரியில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் இன்று மெத்தையில் பாய்கிற பிள்ளை பழைய அளவைப் பார்த்து “இவ்வளவுதானா?” என்று கேட்கும்.

அவர் 2024இல் காலமானார், ஏறத்தாழ 90 வயதில். அவரை நாடு அறிந்திருந்தது, பாராட்டும் கிடைத்தது. அவருக்கு இடம் கிடைக்கும் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. என் கவலை, அவரோடு அதே மணற்குழியில் பாய்ந்து, ஐந்தடி சொச்சத்தில் நின்றுபோன மற்றப் பிள்ளைகளைப் பற்றியது. போட்டிக்கு ஆள் இல்லாமல் எவரும் அந்த உயரத்துக்குப் போவதில்லை.

இங்கேதான் என்னோடு பலர் முரண்படுகிறார்கள். “சர்வதேச மட்டத்துக்குப் போனவர்களை மட்டும் கௌரவிப்பம் ரீச்சர், இல்லாட்டிப் பட்டியல் நீளும்” என்பார்கள். நீளட்டும். சர்வதேசத்துக்குப் போனவரை நாடு கௌரவிக்கும், பத்திரிகை எழுதும். பாடசாலையில் விளையாடி, பாடசாலையோடு நின்றவரைப் பாடசாலையைத் தவிர வேறு யார் நினைப்பார்கள்? க.பொ.த. உயர்தரம் வந்ததும் ரியூசனுக்குப் போன பிள்ளை, பதினெட்டு வயதில் படகேறிப் போன பிள்ளை, இயக்கத்துக்குப் போய்த் திரும்பாத பிள்ளை, இருபதில் கல்யாணம் கட்டிக் கொடுக்கப்பட்ட பிள்ளை. எங்கள் தலைமுறையில் பெரும்பாலானவர்களின் விளையாட்டு வாழ்க்கை அவ்வளவுதான். திறமை குறைந்ததால் அது முடியவில்லை. அவர்கள் மைதானத்தில் குண்டு போட்ட தூரம் அளந்த நாடாவில் அப்படியேதான் இருக்கிறது.

பெண்பிள்ளைகள் பக்கம் வந்தால் இது இன்னும் மோசம். இலங்கை வலைப்பந்தாட்ட அணிக்கு 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணம் வாங்கித் தந்ததில் பெரும்பங்கு தர்ஜினி சிவலிங்கத்துடையது; யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஆறடி பத்தங்குலம். தெல்லிப்பழை மகாஜனாவில் படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் 2017இல் கோலூன்றிப் பாய்தலில் 3.55 மீற்றர் பாய்ந்து தேசிய சாதனையைப் புதுப்பித்தார். அதே மகாஜனாவின் பெண்கள் உதைபந்தாட்ட அணி அகில இலங்கைப் பாடசாலை மட்டத்தில் கிண்ணம் எடுத்தது. பெண்பிள்ளை காற்சட்டையோடு மைதானத்தில் இறங்குவதற்கே வீட்டில் ஒரு வாரம் வழக்காட வேண்டியிருந்த ஊர் இது. என் காலத்தில் எங்கள் அணி பஸ்ஸில் போகும்போது விளையாட்டு உடைக்கு மேல் பாவாடை கட்டிக்கொண்டுதான் போகும். மைதானத்தில் கழற்றி ஒருவர் கையில் கொடுப்போம். எட்டுப் பாவாடையையும் மடித்து வைத்துக்கொண்டு எல்லைக்கோட்டில் இருப்பவள் மேலதிக வீராங்கனை. பெயர்ப்பலகை எழுதும்போது அவள் பெயரையும் எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம்.

அமெரிக்காவில் என் மருமகள் படிப்பிக்கிற உயர்நிலைப் பாடசாலையில் உடற்பயிற்சி மண்டபத்துக்குப் போகும் நடைவழி முழுவதும் பழைய வீரர்களின் படங்களாம். அங்கே பல பாடசாலைகளில் இதற்கென்று ஒரு குழு, ஓர் ஒழுங்குவிதி. படித்து முடித்து ஐந்து அல்லது பத்து வருடம் கழிந்த பிறகுதான் ஒருவரின் பெயரை முன்மொழியலாம். பெருவிளையாட்டு, சிறுவிளையாட்டு என்று பார்ப்பதில்லை. நீச்சல்காரிக்கும் மல்யுத்தக்காரனுக்கும் ஒரே அளவு சட்டம், ஒரே அளவு படம். பயிற்றுநர்களையும் சேர்க்கிறார்கள். எல்லாவற்றையும் அங்கிருந்து கொண்டுவர வேண்டியதில்லை, அங்கேயும் பணக்காரப் பழைய மாணவர் இருப்பார்தானே. ஆனால் அந்தக் காத்திருப்புக் காலம் நல்ல யோசனை. இன்றைய அதிபருக்கு வேண்டியவர், இன்றைய சங்கத் தலைவரின் வகுப்புத் தோழர் என்ற கதையெல்லாம் அதற்குள் ஓய்ந்துவிடும்.

குழுவில் யார் இருப்பது என்பதுதான் எங்கள் ஊரில் சண்டை பிடிக்கிற இடம். சங்க நிர்வாகம் வேண்டாம். ஓய்வுபெற்ற பொறுப்பாசிரியர் இருவர், அவர்களில் ஒருவராவது பெண். மெய்வல்லுநர் பக்கம் ஒருவர், குழு விளையாட்டுப் பக்கம் ஒருவர். மைதானத்துக்குக் கோடு போட்ட பழைய சிற்றூழியர் உயிரோடு இருந்தால் அவர் கட்டாயம். யார் எந்த வருடம் எத்தனையாவது பாதையில் ஓடினார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். கிரிக்கெட்காரர் ஒருவருக்கு மேல் வேண்டாம்.

தகவல் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிறது. இங்கே எரிந்ததும் கறையான் தின்றதும் போக, முந்தி வெளிக்கிட்டுப் போனவர்கள் கொண்டுபோன படத் தொகுப்புகள் ஸ்காபுரோவிலும் ஹரோவிலும் பத்திரமாக இருக்கின்றன. சங்கக் கிளைகள் வருடாந்த இராப்போசனத்துக்குக் காசு சேர்க்கிற நேரத்தில், அந்தப் படங்களைச் சேர்க்கலாம். படம் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். ஆண்டும் பெயரும் பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருக்கும்.

விழா என்று ஒன்று வைக்கத்தான் வேண்டும் என்றால், தனியாக வேண்டாம். தை, மாசியில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நடக்கும். பிரதம விருந்தினர் என்று வலயத்திலிருந்தும் அரசியலிலிருந்தும் வருகிறவர்கள் நாற்காலியில் இருக்கட்டும். 800 மீற்றரில் முதலாவதாக வந்த பிள்ளைக்குப் பதக்கத்தைப் பழைய 800 மீற்றர்காரி அணிவிக்கட்டும். ஒலிபெருக்கியில் அவளுடைய நேரத்தையும் ஆண்டையும் சொல்லட்டும். எங்கள் பாடசாலையில் ஒரு முறை இப்படிச் செய்து பார்த்தோம். பதக்கம் வாங்கிய பிள்ளை நன்றி சொல்லவில்லை. “சப்பாத்தோடயோ ஓடினியள், வெறுங்காலோடயோ?” என்று கேட்டது. வெறுங்கால் என்று தெரிந்ததும், மைதானத்தின் எந்தப் பக்கம் முள் அதிகம் என்பது வரை இருவரும் கதைத்தார்கள். அடுத்த நிகழ்ச்சியைத் தொடங்க அறிவிப்பாளர் அவர்களைக் கையைப் பிடித்து இறக்க வேண்டியிருந்தது.

கல்வித் திணைக்களத்திடம் கேட்பதற்கு ஒன்றே ஒன்று இருக்கிறது. சான்றிதழ் தொலைந்தவர்களுக்காக, இருவர் சத்தியக்கடதாசியும் அணிப்படமும் பொறுப்பாசிரியரின் கையொப்பமும் இருந்தால், அதைப் பாடசாலையின் மீளமைத்த விளையாட்டுப் பதிவாக ஏற்றுக்கொள்ள ஒரு சுற்றறிக்கை வேண்டும். பிறப்புச் சான்றிதழ் தொலைந்தவர்களுக்கு வழி இருக்கிறது, காணி உறுதி தொலைந்தவர்களுக்கு வழி இருக்கிறது. அடுத்த தரம் ஒன்று விண்ணப்பம் கோருவதற்கு முன் அது வந்தால், என் கோல் சூட்டருக்கு இன்னும் ஒரு மகள் இருக்கிறாள்.